பாண்டியம்மாளின் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது

செவ்வாய்க்கிழமை காலை ஜீப் டிரைவர் முருகன் போனில் சொன்னார்: "அண்ணே, பாண்டியம்மா நர்சு போயிருச்சுண்ணே. நெஞ்சு வலின்னு ஒக்காந்துச்சாம், அம்புட்டுத்தான்." அழுதேன். அழும்போதே, இனி அந்தப் பட்டியலை யார் எழுதுவது என்ற கவலையும் வந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குப் பட்டியலும் தெரியும். போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஜீப்பில் மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களில் யார் கர்ப்பிணி, எந்தத் தோட்டம், என்ன ரத்த வகை என்று இணையத்தில் எழுதிவைத்திருந்தார். மலையில் வலி கண்டால் டிரைவர் எங்கள் ரத்ததான அலுவலகத்துக்குப் போன் செய்வார். ஜீப் அடிவாரம் வருவதற்குள் ரத்தம் கொடுக்க ஆள் சொல்லிவிடுவோம்.

அதை அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இறக்கி வைக்கும்படி என்னிடம் ஓயாமல் சொல்வார். வைத்தாயிற்று என்று ஒருநாள் திரையைக் காட்டினேன். எழுந்துபோய் மோடம் வயரைப் பிடுங்கினார். "இப்பத் தொறங்கண்ணே." திறக்கவில்லை. நான் சேமித்தது பட்டியலுக்குப் போகும் வழியை மட்டும்தான். "வீட்டப் பிடிங்கன்னா வெலாசத்த வாங்கிட்டு வந்திருக்கீக!" என்று சிரித்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவரே வந்து இறக்கிவைத்து, வயரைப் பிடுங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். "ஒனக்கு எதுக்குத் தாயி இம்புட்டுப் பயம்?" என்று கேலி செய்வேன்.

"வகுத்துப் புள்ளைக்காரிக பேருண்ணே. பயப்படாம?"

அவர் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை நான் துக்க வீட்டில் இருந்தேன். யாரும் இறக்கி வைக்கவில்லை. மறுநாள் அவர் தம்பி, "அக்கா பேருல எவனும் ஏமாத்திரக் கூடாதுல்ல" என்று அவரது இணையக் கணக்கை அழித்துவிட்டார். நல்ல எண்ணம்தான். பட்டியலும் அதோடு போயிற்று.

வயரைப் பிடுங்கிவிட்டு, அவர் கடைசியாக இறக்கிய பிரதியைத் திறந்தேன். திறந்தது. ஆனால் அது அவர் இறப்பதற்கு நான்கு நாள் முந்தையது. இடையில் அவர் தேவாரம் ஊர்ப் பக்கம் போயிருந்தார். திங்கட்கிழமை மாலை போனில் சொன்னார்: "புதுசா ரெண்டு பேர்ணே. ஒருத்தி பாவம், மொதப் பிரசவத்துலயே ரொம்ப ரத்தம் போயிருச்சாம். லிஸ்ட்ல ஏத்திட்டேன், பாத்துக்கங்க." பெயர் கேட்கவில்லை. இணையத்தில்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஜீப் ஜீப்பாகக் கேட்டு ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டோம். அவளுக்கு இது தலைப்பிரசவம். அப்படியென்றால் ரத்தம் போனவள் மற்றவள்தான்; அவள் யாரென்று இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வயரைப் பிடுங்கும் பழக்கமும் ஒரு பெயர் குறைந்த பட்டியலும்தான் பாண்டியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. அவரை அறிந்தவர்களே, உங்களில் யாரோ ஒருவருக்கு அந்தப் பெண்ணையும் தெரிந்திருக்கும். அஞ்சலிக்கு மாலை வேண்டாம். அவள் பெயரைச் சொல்லுங்கள்.