அணை நீர்மட்டம் வாசிக்கும் சனிக்கிழமை

சனிக்கிழமைகளில் சுரண்டையிலிருந்து தென்காசி போய், அங்கிருந்து குற்றாலம் டவுன் பஸ்ஸில் ஏறி, வழியில் மேலகரத்தில் இறங்குவேன். அங்குள்ள முதியோர் இல்லத்தில் பார்வை போன ஓர் ஆச்சிக்கு நாளிதழ் வாசிப்பது நானாக ஏற்றுக்கொண்ட வேலை. தலைப்புச் செய்திகளில் அவருக்கு அக்கறை இல்லை. உள்பக்கத்து அணை நீர்மட்டத்தைத்தான் முதலில் கேட்பார். வயலை விற்றுப் பல வருஷமாகிறது. ஆனாலும் அடவிநயினார் அணை எவ்வளவு ஏறியிருக்கிறது, குண்டாறு நிரம்பிவிட்டதா என்று தெரிந்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டோடு மாத்திரை கொடுப்பார்கள், உடனே தூங்கிவிடுவார். அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும்.

அணை ஏறுவதும் அருவியில் கூட்டம் சேர்வதும் ஒரே சாரலில்தான். அவர் மிகவும் எதிர்பார்க்கும் வாரங்களில்தான் பஸ் எனக்குக் கிடைப்பதில்லை.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, ஏற முடியாமல் பல பஸ்களை விட்ட பிறகு ஒன்றில் நுழைந்தேன். கூட்டம் என்னை நடுவில் தள்ளிவிட்டது. கண்டக்டர் கேட்காமலே குற்றாலத்துக்கு டிக்கெட் கொடுத்தார். சீசனில் ஏறுகிறவர்கள் எல்லாரும் குளிக்கப் போகிறவர்கள்தான் அவருக்கு. மேலகரம் என்று நான் கத்தியபோது நிறுத்தம் தாண்டிவிட்டது.

"முன்னாலயே சொல்லக்கூடாதா அண்ணாச்சி? இனிமே அருவிதான்."

தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் கூட்டாளியைத் தட்டினார். "ஏலே, அண்ணாச்சி சீசன்ல குளிக்காம எறங்கப் பாக்காவ!"

பஸ்ஸே சிரித்தது.

திரும்பும் வண்டிகளிலும் ஈரத்துணிகளோடு ஆட்கள் தொங்கினார்கள். நாளிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சாரலில் நடந்தே வந்தேன்.

ஆச்சி தூங்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரமும் பஸ் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தாவ," என்றார் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண். "ஒவ்வொரு வண்டிக்கும் 'நிக்குதாட்டி?'ன்னு கேக்காவ. நான் வாசிக்கட்டான்னேன். 'அவுக வரட்டும்'னுட்டாவ. எழுப்பட்டா?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப பொறப்படுங்க. இருட்டினா சுரண்டை வண்டில ஏற முடியாதுல்லா?"

அன்றைய பேப்பரில் அடவிநயினார் நிரம்பியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அது பழைய செய்தி. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தை மடியில் விரித்துவைத்து, அவர் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.