மூன்று ரோட்டுக் கணக்கு

கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் தமிழ் டீச்சர். ஆனாலும் மரியபுஷ்பம் ஏமாந்த கதையைச் சொல்ல எனக்குத்தான் உரிமை. ஏற்காட்டில் அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, ஒரே வீட்டில் குடியிருந்து, அவள் யோசனையில் பொங்கவிட்ட பாலையெல்லாம் துடைத்தவள் நான். கணக்கு டீச்சராகச் சேர்ந்தவள் கணக்கு டீச்சராகவே தொண்ணூற்று மூன்றில் ஓய்வு பெற்றாள்.

அவளுக்கு மேட்ராய்டு என்றொரு பைத்தியம். எனக்கு ரோட்டை வைத்து விளக்குவாள். "ஏற்காடு, மஞ்சக்குட்டை, அடிவாரம். மூணுக்கும் நடுவுல மூணு ரோடுன்னு வெச்சுக்க. எந்த ரெண்டு இருந்தாலும் எல்லா ஊருக்கும் போயிரலாம். மூணாவது உபரி. எது உபரி, எது உபரியில்லைங்கற சட்டந்தான் புள்ள மேட்ராய்டு." கையில் இருப்பது கூடக் கூட, புதிதாக வருவதன் பலன் குறையுமே தவிர ஏறாதாம். "மூணாவது டம்ளர் காபி மாதிரியா?" என்றேன். அதேதான் என்று சிரித்தாள்.

இப்படிப்பட்ட எந்த இரண்டு சட்டத்தையும் பெருக்கி ஒரே சட்டமாக்கலாம் என்று நிரூபிக்க வேண்டும். அதுதான் அவள் உயிர். துணைக்கு வெங்கடாசலம், சேலத்தில் கல்லூரிக் கணக்கு விரிவுரையாளர். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். அவள் எழுதியதை வரி வரியாகப் படித்து, ஓரத்தில் 'சரி' என்று எழுதி, "மேல போங்க டீச்சர்" என்பார். அந்த வாரம் முழுக்க இவளுக்குக் கால் தரையில் பாவாது. திருச்சியில் தலைமையாசிரியை வேலை அவளைத் தேடி வந்தபோதும் வேண்டாம் என்றாள். "முடியப் போவுது புள்ள, இப்பப் போயி உடச் சொல்றியே!"

எண்பத்தைந்தில் கோடை விழா பார்க்க, அவளோடு சென்னையில் படித்த தேவகுமாரி வந்தாள். ஏரிக்கரையில் கடலை கொறித்தபடி இந்தப் பேச்சு வந்தது.

"ஏய், அது பொய்னு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் காட்டி நாலு வருஷமாச்சேடி! உன் மூணு ரோட்டையும் எட்டுப் புள்ளி மேட்ராய்டு ஒண்ணையும் பெருக்கவே முடியாதாம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கருத்தரங்குல பாத்தப்பவே வெங்கடாசலம் சார்கிட்ட சொன்னேனே, உனக்குச் சொல்லலையா?"

மரியபுஷ்பம் கடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

சனிக்கிழமை அவர் வந்தார். காபி கொடுத்து, குடிக்கவிட்டுக் கேட்டாள். "தேவகுமாரி சொன்னது நெசங்களா?"

அவர் டம்ளரையே பார்த்தார். "சொன்னா உட்டுருவீங்க. அப்பறம் நான் எதச் சொல்லிட்டு இந்த ஊட்டுக்கு வர்றதுங்க?"

அட கடவுளே! ஆசை இருந்தால் வாயைத் திறந்து கேட்டுத் தொலைத்திருக்கலாமே அந்த மனுஷன்! அவள் மறுத்திருக்க மாட்டாள்.

அவள் உள்ளே போய், எழுதிய தாள் கட்டு முழுவதையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "எங்கயோ ஒரு வரி தப்பா இருக்கோணுமில்லீங்க. எதுங்க?"

தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. கட்டை நடுவில் பிரித்து நேராக ஒரு வரியில் விரலை வைத்தார். ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே 'சரி' என்றிருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றாள்.

அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அழுதாள். "தெரிஞ்சே சரின்னு எழுதியிருக்கறான் புள்ள."

அவரை அவள் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.