புகைக்குழாயை ஒட்டி அடைத்த ரெஜிபோம்

பங்குனி வெயிலில், கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக நிற்கும் எங்கள் லயத்துத் தகரக் கூரை அனலாய்க் கொதிக்கும். ஏழு மாத மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மின்விசிறி ஓயாமல் ஓடி, மின்கட்டணம் ஏறியது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே எதையாவது பரப்பினால் சூடு குறையும் என்று படித்துவிட்டு, பெட்டிகளில் பொருள் பொதிந்து வரும் பழைய வெள்ளை நுரை அட்டையான ரெஜிபோமையும் காலி உரப்பைகளையும் நானே அடைத்தேன். இடைவெளி விட்டால் சூடு இறங்கிவிடுமோ என்று பயந்து, விறகடுப்பின் புகைக்குழாயை ஒட்டியும் திணித்தேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்தேன். அடுப்பு நன்றாக எரிந்ததும் சீலிங் வெடித்து, எரியும் ரெஜிபோம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு சொட்டு என் முழங்கையில் ஒட்டித் தோலை உரித்தது. கூரை மரத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலின் மேல்முனையில் தீ பிடித்தது. உள்ளே மகள் அலறினாள். தண்ணீர் ஊற்றுவதா, அவளை எடுப்பதா என்று தடுமாறினேன்.

"புள்ளையத் தூக்குடி! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற!" பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஓடிவந்து என்னைத் தள்ளினார். நான் மகளை வாரியெடுத்த நொடியில் தொட்டில் அறுந்து விழுந்தது. லயத்துக்கு மேலே மலைச்சரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என் கணவர் புகையைப் பார்த்து, கையில் கத்தியோடு வந்து, எரியும் சீலிங்கை வெறிகொண்டு வெட்டிச் சாய்த்தார். இல்லையென்றால் அதே கூரையின் கீழுள்ள மற்ற வீடுகளும் எரிந்திருக்கும்.

"நல்லா சூட்டைக் கொறைச்ச, போ!" என்று அழுதுகொண்டே அக்கா என் கையில் தண்ணீர் ஊற்றினார்.

இப்போது தீப்பிடிக்காத கண்ணாடிப் பஞ்சைத் வேலை தெரிந்த ஒருவரை வைத்துப் பரப்பியிருக்கிறோம். மின்விசிறி பாதி நேரம்தான் ஓடுகிறது. புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஒரு முழம் வெறுமையாக விட்டிருக்கிறோம். அந்த வழியாகச் சூடு கொஞ்சம் இறங்குகிறது. இறங்கட்டும்.