இருபதாவது ஆள்

டாபிள் என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. ஒரு காரியத்தில் முழுசாக இறங்காமல் ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வது என்று பொருள். பி.ஏ. முடித்துவிட்டு பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊரில் சும்மா இருந்த இரண்டு வருஷமும் நான் செய்தது அதைத்தான். ஹோமியோபதி, ஆர்மோனியம், மேடைப் பேச்சு. "ஐ டாபிள் இன் ஹோமியோபதி" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் அடக்கம் வேண்டும். கேட்பவர் "அப்படிச் சொல்லாதீங்க, நீங்க பெரிய ஆளு" என்று மறுப்பதற்கு இடம் விட வேண்டும். என்னை யாரும் மறுத்ததில்லை.

கடைசியாக மனு எழுதுவதில் டாபிள் செய்தேன்.

நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, கூலி என்று டீக்கடை பெஞ்சு கூடக் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஊரின் மிராசுதாரான என் மாமா, உள்ளூரில் ஆள் போதவில்லை, குறுவை நடவுக்கு வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறேன் என்றார். உள்ளூர் நடவுப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இந்த நடவு கைவிட்டுப் போனால் அவர்களுக்கு அந்தப் போகமே போச்சு. நாற்றங்காலில் நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது.

மாமா வீட்டில் சாப்பிடுகிறவன் என்பதால் காலையில் தாசில்தாருக்கு அவருடைய மனுவை எழுதினேன். முற்போக்கானவன் என்பதால் சாயங்காலம் பெண்களுடைய மனுவையும் எழுதினேன்.

தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை அன்று தாசில்தார் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"ரெண்டுலயும் 'இரத்தம் கசியும் இதயத்தோடு'ன்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஊதா மை. யாருய்யா இந்த இதயம்?"

மாமா என்னைப் பார்த்தார். நடவுப் பெண்களின் தலைவியும் பார்த்தார். என்னைச் சின்னய்யா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், சங்கம் வைத்த பிறகு தம்பி என்று மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, அங்க அழுது முடிச்சிட்டுத்தான் எங்ககிட்ட வந்து அழுதீங்களா?"

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு..." என்று மாமா ஆரம்பித்தார்.

"சார், ஐ ஒன்லி டாபிள்" என்றேன், அடக்கமாக.

தாசில்தார் ஆங்கில இலக்கியம் படித்தவராம். என் கெட்ட நேரம். "அது வாத்து செய்யற வேலைய்யா. அலகை மட்டும் தண்ணில விட்டுச் சளப்பும். முங்காது."

"வாத்து வயல்ல மேஞ்சா எருவாச்சும் போடும் சார்" என்றார் தலைவி.

முதலில் சிரித்தது மாமாதான். அப்புறம் வாசலில் நின்ற டவாலிச் சேவகர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு நாள்ல நட்டு முடிக்க இருவது பேர் வேணும். ஊர்ல பத்தொம்போது பேர்தான் இருக்கு. நான் என்ன பண்றது?" என்றார்.

"ஒரு ஆள்தானே குறையுது?" தலைவி என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்தார். "இந்தத் தம்பிய இறக்கி விடுங்க. வெளியாளு வேணாம்."

என் சம்மதத்தைத் தவிர எல்லாருடைய சம்மதமும் கிடைத்தது. ஒப்பந்தத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். இதயம் இல்லாமல் எழுதினேன்.

மறுநாள் காலை முழங்கால் சேற்றில் நின்றேன். நான் நட்ட நாற்றெல்லாம் மிதந்து என் பின்னாலேயே வந்தது. தலைவி அவற்றைப் பிடித்துப் பிடித்து மறுபடி நட்டபடி, "முங்குங்க தம்பி, முங்குங்க!" என்று கத்த, பதினெட்டுப் பெண்களும் நடவை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாம் நாள் பாதி நாற்று நின்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி நாற்றுமுடியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார் தலைவி. நட்டேன். நின்றது.

"இருவது பேரும் நட்டு முடிச்சிட்டோங்க" என்றார் வரப்பில் நின்ற மாமாவிடம். "அடுத்த போகத்துக்கும் நாங்கதான்."

மாமா நான் நட்ட மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, வாங்க. ஆனா பத்தொம்போதரைன்னு சொல்லு" என்றார்.