பிள்ளைகள் முன்னால் நடக்கிற நாள்

நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் ஆலையில் எனக்கு வேலை கிடைத்த முதல் வருடம், மே பதினேழாம் திகதி காலையில் தெருவெல்லாம் கொடியாக இருந்தது. அது அவர்களுடைய தேசிய தினம் என்று அறிந்ததும் கதவைப் பூட்டி, திரைச்சீலையையும் இழுத்துவிட்டு உள்ளே இருந்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் தேசிய தினம் என்றால் சந்திக்குச் சந்தி இராணுவம் நிற்கும். வெளியே போகாமல் இருப்பதுதான் புத்தி.

ஆலை மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டினார். உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார். தெரிந்த அரைகுறை மொழியில் காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சுவர்க் கொழுவியில் தொங்கிய என் ஜக்கெட்டை எடுத்துக் கையில் தந்தார்.

வெளியே ஒரு துப்பாக்கியும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியம் ஊதிக்கொண்டு முன்னால் போக, ஊரே பின்னால் நடந்தது. ஆலை முதலாளி, மீன் வெட்டுகிற பெண்களுக்குப் பின்னால் வந்தார். தலைநகரில் ராஜா குடும்பத்தோடு அரண்மனை மாடத்தில் நின்று, கீழே போகிற பிள்ளைகளுக்குக் கை காட்டியபடியே இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பிள்ளைகளுக்காக ராஜா கால்கடுக்க நிற்கிற நாட்டை நான் அதற்குமுன் கண்டதில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் எத்தனை ஐஸ்கிறீம் கேட்டாலும் மறுக்கக்கூடாது. எதிரே வருகிறவர் யாரானாலும், நமக்கே பிறந்தநாள்போல, இந்த நாளுக்கு வாழ்த்துகள் என்பார்.

பிறகு லண்டனுக்கு வந்து லூயிஷாமில் குடியிருந்தோம். இங்கேயும் நோர்வேக்காரர் தேம்ஸ் பக்கத்துப் பூங்கா ஒன்றில் அந்த நாளைக் கொண்டாடுவார்கள். 2009இல், நோர்வேயில் பிறந்த என் மகளுக்கு ஒன்பது வயது. கூட்டிப்போவதாக நான் சொல்லியிருந்ததால் சின்னக் கொடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தாள்.

ஆனால் அந்த மே மாதம், போரின் கடைசி நாட்களில், வன்னியில் இருந்த மனைவியின் தமையனிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பதினேழாம் திகதி காலை வந்த போர்ச் செய்திகளைக் கேட்டபின், போவதில்லை என்று முடிவெடுத்தேன். மகள் சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மனைவி என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"இவளைப் பூட்டி வைச்சா அண்ணை கிடைச்சிடுவாரே? கூட்டிக்கொண்டு போங்கோ. போனுக்குப் பக்கத்தில நான் இருக்கிறன்."

பூங்காவில் சிறிய பாண்ட் வாத்தியக் குழு ஒன்று நின்றது. நான் வேலியோரமாக ஒதுங்கினேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இது பாக்கிறதில்லை. நடக்கிறது."

நடந்தோம். பக்கத்தில் வந்த, பூவேலை செய்த சட்டை அணிந்த ஒரு முதிய பெண்மணி கை நீட்டி வாழ்த்துச் சொன்னார். எத்தனையோ வருடம் நான் சிரித்துப் பதில் சொன்ன வாழ்த்துத்தான். அன்றைக்குக் கையை மட்டும் கொடுத்தேன். மகள் அந்த மொழியை மறந்துகொண்டு வந்தவள். ஆனாலும் இரண்டு பேருக்குமாக அவளே திருத்தமாகப் பதில் சொன்னாள். அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தார். ஊர்வலம் முடியும்வரை என் பக்கத்திலேயே நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து, செய்தி இல்லை என்று எனக்குத் தலையசைத்தாள். பிறகு குனிந்து மகளின் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே, எத்தனை ஐஸ்கிறீம் என்று கேட்டாள்.

"மூண்டு," என்றாள் மகள்.

"அவ்வளவுதானோ?" என்றாள் மனைவி.