மொட்டையோடு போன இன்டர்வியூ

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஓர் ஆபீஸுக்குக் குமாஸ்தா வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். என்னை 'ஷார்ட்லிஸ்ட்' செய்திருப்பதாகவும் திங்கட்கிழமை நேரில் வரும்படியும் ஆங்கிலத்தில் பதில் வந்தது. 'செலக்ட்' என்பதைவிட அது ஒரு படி உசத்தி என்று வீட்டில் விளக்கினேன். வேலை கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையே செட்டிகுளம் மலையில் முருகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன்.

"இத்தனை பேருக்கும் வேலையாங்க?"

"ஒருத்தருக்குத்தாங்க. ஷார்ட்லிஸ்ட்னா கூப்பிட்டுப் பாக்குறது. அதுல ஒருத்தரைத்தான் செலக்ட் பண்ணுவாங்க."

சந்தனம் பூசிய தலையில் வேர்வை வழிந்து சட்டையெல்லாம் மஞ்சளானது.

உள்ளே அதிகாரி என் தலையைப் பார்த்தார். "எதுக்குத் தம்பி மொட்டை?"

பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை. "வேலை கிடைச்சதுக்குங்க, சார்."

"எந்த வேலை?"

"இந்த வேலைதாங்க."

அவர் சிரித்து முடிப்பதற்குள் என் நேரம் தீர்ந்துவிட்டது. முடியோடு வந்த ஒருவருக்கு வேலை கிடைத்தது.

அடுத்த விண்ணப்பத்தின்போது அம்மா சாமி படத்தின் முன்னால் தெளிவாகச் சொன்னார்: "முருகா, இந்தத் தடவை செலக்ட் ஆனப்புறந்தான் மொட்டை."