மூன்று நிமிடம் வெந்த தட்டு

ஆஸ்பத்திரியில் அவரை வெந்நீர் என்றால்தான் தெரியும். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்துக் கிருமி போக்குகிற அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். பேச்சு குறைவு. பேசினால் சுள்ளென்று விழும்.

ஆவிப்பெட்டியை ஓட்டிய பழைய கம்ப்யூட்டர் போன வருஷம் மண்டையைப் போட்டது. அந்த மாதிரி இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள், செத்துப்போனதைப் போலவே நடிக்கிற ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, பழைய புரோகிராமை அதில் குடிவைத்தாள். அந்தப் புரோகிராமுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. நொடிக்குப் பதினெட்டுத் துடிப்பு வரும், எண்ணும். பதினைந்து நிமிடக் கணக்கு நிரம்பினால் மணி அடிக்கும். அதன் படிப்பே அவ்வளவுதான்.

அன்று காலை பத்து மணிக்கு அவர் மகளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவளுக்கான கத்தி, கத்தரித் தட்டை அவரே அடுக்கி உள்ளே வைத்தார். சூடு ஏறி நின்று மூன்று நிமிடம் ஆகியிருக்கும், கம்ப்யூட்டர் பெண் தலையை நீட்டினாள்.

"அண்ணே, இந்தக் கம்ப்யூட்டரை அப்படியே ஒரு நகல் எடுக்கணும். ஓடிட்டிருக்கே, அப்புறம் வரட்டா?"

"அது பாட்டுக்கு ஓடும், நீ பாட்டுக்கு எடு. நின்னு தொணதொணங்காத."

சொல்லிவிட்டு வார்டுக்குப் போய் மகள் தலையைத் தடவிக் கொடுத்தார். திரும்பி வருவதற்குள் மணி அடித்து, தள்ளுவண்டிக்காரர் தட்டை ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போயிருந்தார்.

பெட்டியின் பக்கத்தில் சாவி கொடுத்து ஓடும் ஒரு வட்டக் காகிதம் உண்டு. அதில் ஒரு பேனா சூட்டைக் கோடாக வரையும். அதைக் கிழிக்கப் போனவருக்குக் கை அப்படியே நின்றது. பதினைந்து நிமிடம் மேடாக நிற்க வேண்டிய கோடு மூன்றாவது நிமிடத்திலேயே சரிந்து கிடந்தது.

"ஏம்மா, நகல் எடுக்கறப்ப நின்னுச்சா?" என்றார் போனில்.

"பன்னெண்டு நிமிஷம் உறைஞ்சிருந்துச்சுண்ணே. ஆனா பயமில்ல. விட்டுப்போன துடிப்பையெல்லாம் முழிச்சதும் மொத்தமா கொடுத்துடும். நேரம் பிசகக் கூடாதுன்னு நான்தான் அப்படி வச்சேன்."

"நேரம் பிசகல. ஆவியை யாரு பார்த்துக்கிட்டா?"

புரோகிராம் உறைந்திருந்தபோது கட்டளை கொடுக்க ஆளில்லாமல் ஆவி வால்வு தானாக மூடிக்கொண்டிருந்தது. விழித்த புரோகிராமுக்குப் பன்னிரண்டு நிமிடத் துடிப்பும் ஒரே மூச்சில் வந்து கொட்டியது. சூடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அது எண்ணி முடித்து மணியடித்துவிட்டது.

தியேட்டருக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு மாடி ஏறி ஓடினார். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர் பெஞ்சில் மனைவி. அவளைப் பார்க்காமல் கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

தலைமை நர்ஸ் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "வெந்நீரு, அறிவிருக்கா? உள்ள இருக்கறது உங்க பொண்ணு!"

"தட்டு வேகல சிஸ்டர். தொடாதீங்க."

"மேல ஒட்டின டேப் கறுத்திருக்கே."

"டேப்பு மூணு நிமிஷத்துலயே கறுத்துரும். உள்ள வச்ச காகிதத்தைப் பாருங்க, முழுசா வெந்தாத்தான் அது நிறம் மாறும். சீக்கிரம்!"

கதவு மூடியது. உள்ளே ஏதோ இரும்பு கணீரென்றது. கத்தியை எடுக்கிறார்களா, வைக்கிறார்களா? பூட்டுத் துளையில் காதை வைத்தார். தன் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

கதவு திறந்தது. நர்ஸின் முகம் வெளுத்திருந்தது. "காகிதம் பாதிகூட மாறல. அவசரத்துல யாரும் பார்க்கல. டாக்டர் கையில கத்தி இருந்துச்சு. இன்னும் உடம்புல வைக்கல. வேற தட்டு பிரிக்கறோம்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "யாரு செஞ்ச வேலை இது?"

கம்ப்யூட்டர் பெண்ணின் பேர் நாக்கு நுனிவரை வந்தது.

"அப்புறம் வரட்டான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. நான்தான் இப்பவே எடுன்னேன்," என்றார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவருக்கு உட்காரத் துணிவில்லை. சிவப்பு விளக்கு அணைகிறவரை கதவருகிலேயே நின்றார்.